டார்வின் என்ற குடும்பஸ்தர்



நமது கூட்டங்களில் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அதாவது, "கடவுள் பயம் இல்லாதவன் பெண்டாட்டி பிள்ளைகளை யோக்கியமாய்க் காப்பாற்றுவானா? பிள்ளை செத்தால் அவனுக்கு ஆறுதல் ஏது?" என்பதாகும். இது நியாயமான கேள்விதான். இதற்கு வாதத்தால் பதில் சொல்லுவதைவிட ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்வைச் சொல்லுவதே மேல் என்று நினைக்கிறோம்.

சார்லஸ் டார்வின் இங்கிலாந்தில் 1809ம் வருஷம் பிப்ரவரி 12ந் தேதி பிறந்தார். குரங்கையும் மனிதனையும் ஒரு வம்சமாக்கியவர் என்று மட்டும் அவரைப் பலர் அறிவார்கள். அவர் தகப்பனாராய், புருஷனாராய், உழைப்பாளியாய் எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலரே.

சிறுவயதில் அவருக்குப் பள்ளிக்கூடம் கசந்தது, வெட்டவெளி இனித்தது. வேட்டை, நாய், வண்டு பிடித்தல் இவையே வேலை. ஒருநாள் இரண்டு கையிலும் இரண்டு வண்டு இருக்க, மூன்றாவதாய் ஒரு புதுவண்டைக் கண்டார். கையிலிருந்த ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்கப் போனார். வாயிலிருந்த வண்டு நாக்கைச் சுட்டுவிட்டது! வைத்தியத்துக்குப் படிக்க வைத்தார்கள். மயக்க மருந்து இல்லாத அக்காலத்து அறுவையைப் பார்க்கச் சகிக்காமல் ஓடிவந்துவிட்டார். பிறகு பாதிரியாக்கப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் 1831 டிசம்பரில் 'பீகிள்' கப்பலில் ஏறி, ஏறக்குறைய ஐந்து வருஷம் உலகைச் சுற்றினார். அதில் பெரும்பகுதிக் காலம் காடும் மலையுமாய்க் கால்நடையாகவும் குதிரை மேலும் திரிந்தார். பிரேசிலில் அடிமைகள் படும் பாட்டைக் கண்டு வாழ்நாள் முழுவதும் அடிமை முறையை வெறுத்தார்.

1839ல் எம்மாவை மணந்தார். அந்த அம்மாள் தெய்வ பக்தியுள்ளவர். தமது புருஷனின் சந்தேகங்களைப் பற்றிக் கவலைப்பட்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். டார்வின் அதைக் கிழித்தெறியவில்லை, கேலி செய்யவுமில்லை. பல தடவை அதை முத்தமிட்டு அழுததாக அதிலேயே எழுதி, சாகுமட்டும் பத்திரமாய் வைத்திருந்தார். பிற்காலத்தில் மனைவி மக்கள் கோவிலுக்குப் போகும் நேரத்தில் இவர் உலாவப் போய்விடுவார். அவர்கள் போவதை இவர் தடுக்கவில்லை. இவர் போகாததற்காக வீட்டில் அன்பும் குறையவில்லை. இரவில் இருவரும் பேக்காமன் என்ற பகடை ஆட்டம் ஆடுவார்கள். யாருக்கு எத்தனை வெற்றி என்று கணக்கு வைத்தார் டார்வின். 1876ல் தமக்கு 2795, மனைவிக்கு 2490 என்று ஒரு சினேகிதருக்குப் பெருமையாய் எழுதினார்!

1842 முதல் கெண்ட் ஜில்லாவில் டௌன் என்ற கிராமத்தில் குடியிருந்தார். தகப்பனார் சொத்து இருந்ததால் வயிற்றுக்காக அவர் உழைக்க வேண்டியதில்லை. தீராத வயிற்று நோய் வேறு. அப்படியிருந்தும் காலையில் எழுந்தால் வேலை. பிறகு தோட்டத்து மணற்பாதையில் நடை. எத்தனை சுற்று என்று மறக்காமலிருக்க, மூலையில் கற்களை வைத்து, சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளுவார். பாறையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்னும் பிராணியைப் பற்றி மட்டும் எட்டு வருஷம் ஆராய்ந்தார். அவர் குழந்தை ஒன்று அடுத்த வீட்டுக்காரரைப் பற்றி, "அவர் கொட்டலசு வேலையை எங்கே உட்கார்ந்து செய்கிறார்?" என்று கேட்டதாம். தகப்பன் என்றால் அதுதான் வேலை என்று அது நினைத்துக் கொண்டது!

பிள்ளைகளைத் தோட்டத்தில் அங்கங்கே நிறுத்தி, வண்டு பறக்கும் வழியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுவார். அவருடைய பெரிய புத்தகத்தின் கையெழுத்துத் தாள்களின் பின்புறத்தில் பிள்ளைகள் படம் போட்டார்கள். அந்தத் தாள்கள் சில இன்றும் இருக்கின்றன. மண்புழுவுக்குக் காது உண்டா என்று பார்க்க மகன் குழல் ஊத, மனைவி பியானோ வாசிக்க, பேரன் சீட்டியடிக்க, வீடே ஆராய்ச்சிசாலையாயிற்று. 1837ல் தொடங்கிய மண்புழுச் சங்கதி 1881ல்தான் புத்தகமாயிற்று.

இனித் துக்கத்துக்கு வருவோம். பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறுவயதிலேயே செத்தன. 1851 ஏப்ரலில் பத்து வயது ஆனி வெளியூரில் வைத்தியத்திலிருந்தாள். மனைவி நிறைமாத கர்ப்பிணியாய் வீட்டிலிருக்க, டார்வின் படுக்கையோரமே கிடந்து மகளைப் பார்த்துக் கொண்டார். அவள் பிழைக்கவில்லை. முன்ஜன்மப் பாவம் என்று அவர் சொல்லவில்லை, பரிகாரம் தேடவில்லை. ஒரு வாரத்துக்குள் உட்கார்ந்து, அவள் சிரிப்பு, ஓட்டம், தமது தலைமயிரை வாரிவிட்ட விதம் எல்லாவற்றையும் மறவாமல் எழுதி வைத்தார். நினைவு ஒன்றே அவர் செய்த சிரார்த்தம்.

1858 ஜூனில் வாலஸ் என்பவர் தாமே கண்ட அதே கொள்கையை எழுதி அனுப்பினார். இருபது வருஷ உழைப்பின் பெருமை போய்விடுமோ என்ற அந்தச் சமயத்தில் கைக்குழந்தை காய்ச்சலில் செத்தது. ஜூலை 1ந் தேதி லண்டனில் இருவர் கட்டுரைகளும் படிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. அன்று குழந்தையை அடக்கம் செய்து கொண்டிருந்தார். இவரா குடும்பத்தை மறந்தவர்?

ஊருக்கும் அவர் உழைத்தார். கிராமத்து ஏழைகளின் பரஸ்பர சகாயச் சங்கத்துக்கு ஏறக்குறைய 30 வருஷம் பொக்கிஷதாராய் இருந்து கணக்குப் பார்த்தார்.

நாம் ஒன்றை ஒளிக்கக் கூடாது. அவர் தம்மை நாஸ்திகர் என்று சொல்லிக் கொள்ளவில்லை; இவ்விஷயம் தமக்குத் தெரியாது என்பதே தம் நிலைமை என்று 1879ல் எழுதினார். தெரியாததைத் தெரியாது என்பதும் பகுத்தறிவேயாகும்.

1882 ஏப்ரல் 19ந் தேதி, 73வது வயதில், மனைவி மக்கள் பக்கத்திலிருக்க இறந்தார். 1915ல் ஒரு சீமாட்டி கிளம்பி, டார்வின் கடைசிக் காலத்தில் தம் கொள்கைக்காக வருந்தி வேதத்தைப் பிடித்துக் கொண்டதாகக் கதை கட்டினார். பக்கத்திலிருந்த மகள் ஹென்றியட்டா 1922ல் அதை மறுத்து, அந்த அம்மாள் தகப்பனாரின் எந்த நோயின்போதும் வரவேயில்லை, அவர் தம் கொள்கை எதையும் கைவிடவுமில்லை என்று எழுதினார். ஆனாலும் அந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. உயிரோடிருந்தபோது அசைக்க முடியாதவரைச் செத்த பிறகு திருத்தப் பார்க்கிறார்கள்! வாய் திறக்க முடியாத மனிதனிடமா வாதத்தில் ஜெயிப்பது?

ஆகவே தோழர்களே, நம் வீடுகளில் உழைத்துச் செத்தவர்களையும் அவர்கள் இருந்தபடியே நினையுங்கள். அவர்கள் நட்ட மரத்தை, நடந்த வரப்பை, பிள்ளையைத் தூக்கிய தோளைச் சொல்லுங்கள். கண்டதை எழுதி வையுங்கள். எழுதி வைக்காவிட்டால் யாரோ ஒருவர் வந்து கதை கட்டுவார். மறுத்துச் சொல்ல எல்லா வீட்டிலும் ஒரு ஹென்றியட்டா இருக்கமாட்டாள் என்று சொல்லி, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.