வெங்காயத் தோல் மாதிரி உரியும் மலை

போன மாசம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியா வெள்ளிமலைக்கு பைக்ல போனேன். கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பிச்ச பிறகு, ரோட்டுக்காக மலையை வெட்டின ஒரு இடத்துல வண்டியை நிறுத்தினேன். மேல செம்மண். அதுக்குக் கீழ, கையால பிச்சாலே உதிர்ற பழுப்புக் கல். அதுக்குள்ள அங்கங்க உருண்டையா கருங்கல், சுத்தி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சு நிக்குது. யாரோ கொண்டுவந்து புதைச்ச உருண்டைனுதான் முதல்ல நெனச்சேன். இல்ல. மூணும் ஒரே பாறை, சிதையறதுல வேற வேற கட்டம்.

கல்வராயன் மலைப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல் இதே வகைங்கறதால, தாமஸ் ஹாலண்ட்ங்கற நிலவியலாளர் இந்தப் பேரை வச்சார். சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி, பூமிக்கு அடியில 20 கிலோமீட்டருக்கும் கீழ உருவானது. மேல இருந்த பாரமெல்லாம் கரைஞ்சு போனதும் பாறை லேசா விரிஞ்சு, வெடிப்பு விடுது. கதை இங்கதான் ஆரம்பம்.

ஸ்கூல்ல பாறைச் சிதைவுனா முதல்ல என்ன சொல்லிக் கொடுத்தாங்க? வெடிப்புல தண்ணி உறைஞ்சு பனிக்கட்டியாகி, விரிஞ்சு, பாறையைப் பிளக்கும். சரி, கள்ளக்குறிச்சி வெயில்ல அது எப்படி நடக்கும்? நம்ம ஊர்ல தண்ணி வேற வேலை பார்க்குது. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கரைச்சு, லேசான அமிலமா வெடிப்புக்குள்ள இறங்குது. ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் களிமண்ணா மாறுது. இரும்பு துருப்பிடிக்குது. செம்மண்ணோட சிவப்பு அந்தத் துருதான். குவார்ட்ஸ் மட்டும் அசையாது. அது மணலா ஆத்துக்குப் போகுது.

அப்போ உருண்டை எப்படி வந்துச்சு? வெடிப்புகள் பாறையைப் பெட்டி பெட்டியா பிரிக்குது. பெட்டியோட முகத்தை தண்ணி ஒரு பக்கமிருந்துதான் தாக்கும். விளிம்பை ரெண்டு பக்கம், மூலையை மூணு பக்கம். மூலைதான் முதல்ல காலி. பெட்டி உருண்டை ஆயிடும். கோடு எழுதுற எனக்கு இந்த லாஜிக் அவ்வளவு பிடிச்சிருந்துச்சு! செஞ்சிக் கோட்டை மலைகள்ல அடுக்கி வச்ச மாதிரி நிக்கிற உருண்டைப் பாறைகளையும் இப்படித்தான் விளக்கறாங்க. மண்ணுக்குள்ளயே உருண்டையாகி, சுத்தி இருந்த மண்ணை மழை அடிச்சுட்டுப் போனதும் வெளிய தெரியுது. அங்க கிரானைட், அவ்வளவுதான் வித்தியாசம்.

மரத்துக்கும் இதுல பங்கு இருக்கு. கோயில் கோபுரத்துல அரசங்கன்னு முளைச்சு கல்லைப் பிளக்கறதைப் பார்த்திருப்பீங்க. அது கண்ணுக்குத் தெரியற வேலை. வேர் மூச்சு விடறதால மண்ணுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு காத்துல இருக்கறதைவிடப் பல மடங்கு கூடி, அந்த அமிலத்துக்குத் தீனி போடுதே, அது தெரியாத வேலை.

அதே வேர்தான் உருவான மண்ணைப் பிடிச்சும் வைக்குது. இங்கதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்துச்சு. சிதைவுங்கறது பாறை இருந்த இடத்துலயே உடையறது, அரிப்புங்கறது உடைஞ்சது அடிச்சுட்டுப் போறது. ஒரு அங்குல மண் உருவாகப் பல நூறு வருஷம் ஆகும். அது போறதுக்குச் சரிவுல மரம் இல்லாம ஒரு பெரிய மழை போதும். மலைமேல மரவள்ளி போடறவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, சாப்பாடு அதுலதான். ஆனா கிழங்கைப் பிடுங்கும்போது மண் மொத்தமா இளகுது. சரிவுக்குக் குறுக்க கல் வரப்பு போட்ட வயல்ல அந்த மண் வரப்பு ஓரமா நின்னுடும்.

திரும்பி வரும்போது மழை. ரோட்டோர ஓடையில தண்ணி டீ கலர்ல ஓடிட்டிருந்துச்சு, கீழ கோமுகி அணைப் பக்கமா.