வீட்டுக்குப் பிறகு மைதானம்
(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

போரில் சிதைந்த ஊர்களுக்கு உதவி அனுப்புவதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கேள்வி எழுந்தது. "கூரையில்லாமல் குடும்பங்கள் நிற்கும்போது, பந்து விளையாடும் மைதானத்தைச் சீர்செய்ய ஒரு ரூபாயாவது கொடுக்கலாமா?" கேட்டவர் இரக்கத்தோடுதான் கேட்டார். எனவே அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல், இதே நிலையில் முன்பு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம்.

இரண்டாம் உலகப் போரில், 1941 மார்ச் 11 இரவு, மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் குண்டுகள் விழுந்தன. பிரதான பார்வையாளர் அரங்கு அழிந்தது, புல்தரை கருகியது. இடிபாடுகளை அகற்ற 4,800 பவுண்டும், அரங்கைத் திரும்பக் கட்ட 17,478 பவுண்டும் போர்ச் சேத ஆணையம் ஒதுக்கியது. ஆனால் அன்றைய பிரிட்டனில் சிமெண்டும் மரமும் இரும்பும் அனுமதி பெற்றே கிடைத்தன. மக்கள் குடியிருக்க வீடு வேண்டியிருந்தது. மைதானம் காத்திருந்தது. அந்த ஆண்டுகளில் மான்செஸ்டர் யுனைடெட் அணி, தன் போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு மைதானத்தில் வாடகைக்கு விளையாடியது. 1949 ஆகஸ்ட் 24 அன்றுதான் சொந்த மைதானத்துக்குத் திரும்பியது. அப்போதும் பிரதான அரங்குக்குக் கூரை இல்லை. எட்டு ஆண்டுகள் தாமதமானாலும் அந்த நிலத்தை அவர்கள் கைவிடவில்லை.

அடுத்து போஸ்னியாவின் சராயேவோ. 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை முற்றுகையில் தவித்த நகரம். மையவாடிகளில் இடம் போதாமல், கோஷெவோ அரங்கை அடுத்த துணை மைதானத்தில் மக்கள் தங்கள் ஜனாஸாக்களை அடக்கினார்கள். இன்றும் அது மையவாடிதான். அதே நகரின் கிர்பாவிட்சா மைதானம் போர்முனையிலேயே சிக்கியிருந்தது. அதன் அரங்குகள் எரிந்தன. நிலத்தில் கண்ணிவெடிகள் கிடந்தன. முற்றுகை முடிந்த சில வாரங்களில், 1996 மே 2 அன்று, அங்கே நகரின் இரண்டு அணிகளும் மோதின. நான்கு ஆண்டுகள் கால் வைக்க அஞ்சிய இடத்தில் மக்கள் மறுபடியும் கூடினார்கள்.

இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது ஒரு வரிசைமுறை. முதலில் உயிர், பிறகு வீடு, அதன்பின் மைதானம். கடைசியில் வருவதை வேண்டாதது என்று தள்ளிவிடக் கூடாது. முறை வரும்வரை செய்யக்கூடிய வேலைகள் உண்டு. அவற்றுக்குப் பெரும்பணமும் தேவையில்லை. நிலத்தைக் குப்பைமேடு ஆகாமலும் ஆக்கிரமிக்கப்படாமலும் காக்க வேண்டும். வெடிபொருள் இருக்கும் என்ற ஐயம் இருந்தால், பயிற்சி பெற்றவர்கள் சோதித்து முடிக்கும்வரை ஒரு பிள்ளையையும் உள்ளே விடக் கூடாது. அதன்பிறகே கண்ணாடித் துண்டும் இரும்புச் சில்லும் பொறுக்க வேண்டும். குண்டுக் குழியை ஒரே நாளில் மண் கொட்டி மூடினால் அடுத்த மழையில் அது உள்வாங்கும். அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்துக் கடைசியில் பரப்பினால்தான் புல் பிடிக்கும்.

ஆகவே கேள்வி கேட்ட சகோதரருக்கு நம் பதில் இதுதான்: நிவாரணப் பணம் முதலில் கூரைக்கே போகட்டும். அதோடு, மைதானத்தை மறந்துவிட வேண்டாம் என்று அங்குள்ளவர்களிடம் சொல்லியனுப்புவோம். வீடு கிடைத்த பிள்ளை மறுநாள் காலையில் வாசலுக்கு வந்து, விளையாட இடம் எங்கே என்றுதான் தேடும். அப்போது காட்டுவதற்கு ஓர் இடம் மிஞ்சியிருக்க வேண்டும். அது பெரியவர்களாகிய நம் கையில் உள்ள அமானிதம்.