ரஜுலாவில் வந்த பெட்டிகள்



சிங்கப்பூரில் இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் அலமாரிக்கு மேலேயோ கட்டிலுக்கு அடியிலேயோ, முன்னோர் கப்பலில் கொண்டுவந்த ஒரு தகரப் பெட்டி கிடக்கும். வீடு மாறும்போதெல்லாம் இந்தத் துருப்பிடித்த பெட்டியைத் தூக்கிப் போட்டால் என்ன என்ற பேச்சு வரும். போட்டுவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

கப்பல் பயணத்தில் மிஞ்சிய ஒரு துண்டுக் காகிதத்துக்கும் மதிப்பு உண்டு. டைட்டானிக் கப்பலில் 1912 ஏப்ரல் 14 அன்று முதல் வகுப்புப் பயணிகளுக்குத் தந்த மதிய உணவு அட்டை ஒன்று, உயிர் தப்பிய ஒருவரோடு கரை சேர்ந்தது. 2015இல் அது 88,000 டாலருக்கு ஏலம் போனது. முதல் வகுப்பில் பயணம் செய்தவர்களுக்கு அழகான அச்சில் அட்டை இருந்தது, கப்பல் படம் போட்ட கடிதத்தாள் இருந்தது, பெட்டியில் ஒட்டும் வண்ணச் சீட்டு இருந்தது. நினைவுப் பொருளைக் கம்பெனியே தயாரித்துக் கையில் கொடுத்தது. நம்மில் மிகப் பலரின் முன்னோர் டெக்கில் வந்தவர்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் அச்சடித்துத் தரவில்லை. விரித்த பாய், சோறு வாங்கிய மங்குத் தட்டு, தலைக்கு வைத்துப் படுத்த பெட்டி, அம்மை குத்திய சீட்டு, இவைதான் மிஞ்சின. பாய் மக்கிப் போயிற்று. மற்றவை இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

ரஜுலா என்ற பெயரைக் கேட்டதும் முன்வரிசையில் சில முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் தொட்டு சிங்கப்பூர் வரும். மேல் வகுப்புகளில் இருநூறு பேர்கூட இல்லை. டெக்கிலோ 5,000 பேருக்கு மேல் ஏற்ற அதற்கு ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி வராது. நடுக்கடலில் நிற்கும், தோணியில் போய் ஏற வேண்டும். முதல்முறை ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு பெண், இடுப்பில் பிள்ளையும் தலையில் மூட்டையுமாக, ஆடுகிற தோணியிலிருந்து கப்பலுக்கு மாறுகிறாள். அந்த மூட்டையில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவருவது என்று முந்தின இரவு அவள் எவ்வளவு யோசித்திருப்பாள்! என் பாட்டி கொண்டுவந்தது ஒரு அஞ்சறைப் பெட்டியும் நாரத்தங்காய் ஊறுகாய் ஜாடியும். கடல் மயக்கத்துக்கு அந்த ஊறுகாய்தான் மருந்து என்று சொல்வார்.

கப்பல் வந்து சேர்ந்ததும் ஊருக்குள் நுழைந்துவிட முடியாது. அம்மையோ காலராவோ இருக்கும் என்ற அச்சத்தில், டெக் பயணிகளைப் பினாங்கில் ஜெரஜாக் தீவிலும் இங்கே செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தங்கவைத்தார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு படகில் போய் வருகிறோமே, அதே செயின்ட் ஜான்ஸ் தீவுதான். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பழைய காகிதத்தைப் படிக்கத் தெரிந்தால் அது நிறையப் பேசும். பயணச் சீட்டில் தேதி அழிந்திருக்கலாம். கப்பல் பெயர் இருந்தால் காலத்தைப் பிடித்துவிடலாம். ரஜுலாவின் சகோதரிக் கப்பலான ரோனாவின் பெயர் இருந்தால் அந்தப் பயணம் 1943க்கு முந்தையது. அந்த ஆண்டு நவம்பர் 26 அன்று, அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற ரோனாவை அல்ஜீரியக் கடற்கரை அருகே ஜெர்மன் விமானம் ஒன்று குண்டு வீசி மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நம் தாத்தாக்கள் பாய் விரித்துப் படுத்த அதே டெக். ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் என்றிருந்தால் இந்திய விடுதலைக்குப் பிந்தையது. எம்.வி. சிதம்பரம் என்றிருந்தால் 1970களுக்கும் 1985க்கும் இடையில். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின, அதோடு இந்தப் பாதையில் பயணிக் கப்பலே நின்றது. ரஜுலா அதற்கு முன்பே, 1973இல், ஓய்வு பெற்றுவிட்டது. நுழைவு அனுமதிச் சீட்டு ஒன்று கிடைத்தால் அதையும் கவனியுங்கள். 1953இல் குடிவரவுச் சட்டம் இறுகிய பிறகு, கணவர் இங்கே, மனைவி மக்கள் அங்கே என்று ஆண்டுக்கணக்கில் பிரிந்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்தச் சீட்டுக்காக எழுதிய மனுக்கள், மாஜிஸ்திரேட்டிடம் வாங்கிய சான்று, ஸ்டுடியோவில் அவசரமாக எடுத்த குடும்பப் படம், எல்லாம் ஒரே உறையில் இருக்கும். தயவுசெய்து பிரிக்காதீர்கள். சேர்ந்திருந்தால்தான் அவற்றுக்குப் பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கதையில் பாதி இந்த ஊரில் இல்லை. கப்பல் திரும்பிப் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. கோடாலித் தைலம், டார்ச் லைட், கைலி, மங்குச் சாமான் என்று தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பற்றி எழுதுகிறார்கள். கூலி வேலைக்கு வந்தவர் அனுப்பிய ஒரு மங்குக் கிண்ணத்தைப் பற்றி யார் எழுதுவார்கள்? இங்கிருந்து போன கடிதங்கள் அங்கே ஏதாவது பரணில் கிடக்கின்றன. அங்கிருந்து வந்தவை நம்மிடம் இருக்கின்றன. பொங்கலுக்கு ஊர் போகிறவர்கள் சித்தப்பா வீட்டிலும் அத்தை வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கேள்வியும் பதிலும் இரண்டு கரையிலும் இருக்கின்றன, யாராவது ஒருவர் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாதுகாப்பது பற்றி இரண்டொரு வார்த்தை. பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. படத்தின் முகத்தில் எழுதாதீர்கள். பின்புறம் மெல்லிய பென்சிலால் பெயரும் ஊரும் உறவும் எழுதினால் போதும். "அப்பா" என்று மட்டும் எழுதினால் அறுபது ஆண்டு கழித்து யாருடைய அப்பா என்று தெரியாது. பெட்டியைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்க வேண்டாம். மூடியில் ஒரு பெயரும் ஊரும் எழுதியிருக்கும், பெயின்ட் அதை விழுங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் அதைக் கொண்டுவந்தவரைப் பேச வையுங்கள். பாட்டிமார்களிடம் முதலில் கேளுங்கள். இதுவரை தாத்தாக்களிடம்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். அவர்கள் வேலையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் சொல்வார்கள். மூட்டையில் என்ன இருந்தது, பிள்ளைக்கு எங்கே தூளி கட்டினார்கள், யாரோடு சேர்ந்து சமைத்தார்கள் என்பதெல்லாம் பாட்டிக்குத்தான் தெரியும். 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் நம் சமூகத்தின் பொருள்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வைக்கும் அளவுக்கு நம் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

நம் சங்கத்தின் செயற்குழுவிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் சங்க நூலக அறையில் மேசை போட்டு, ஒலிப்பதிவுக் கருவியோடு இளைஞர் அணி காத்திருக்கும். பெட்டியைத் தூக்கி வர முடியாதவர்கள் சொல்லியனுப்புங்கள், பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கே வருவார்கள். பொருளை நாங்கள் வாங்கிக்கொள்ள மாட்டோம். படம் எடுத்து, நீங்கள் சொல்வதைப் பதிந்து, உங்களிடமே திருப்பித் தந்துவிடுவோம். கப்பலின் பெயர் மறந்திருந்தாலும் வாருங்கள். எந்தத் துறையில் ஏறினீர்கள், மடியில் எந்தப் பிள்ளை இருந்தது என்று சொன்னால் போதும், மற்றதை நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கிறோம்.