வண்ணம் தீட்டிய கைகள்



குட்டியை வயிற்றுப் பையில் சுமந்து வளர்க்கும் கங்காரு முதலிய விலங்குகள் நம் நாட்டுக் காடுகளில் இல்லை. கடல் கடந்த நாட்டார் பலர் அவற்றை முதலில் கண்டது ஓவியங்களில்தான். ஜான் கூல்டு என்னும் ஆங்கிலேயர் 1845 முதல் 1863 வரை ஆஸ்திரேலியப் பாலூட்டிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் 182 வண்ணப் படங்கள் உள்ளன.

அவ்வண்ணம் அச்சில் ஏறியதன்று. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் ஓவியர் கொழுப்பு மையால் உருவத்தை வரைவார். கல்லை நனைத்து மை பூசினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். தாளில் விழுவது கருநிற உருவமே. பின்னர், மாதிரிப் படத்தைப் பார்த்துப் பார்த்து, தாள்தோறும் தூரிகையால் வண்ணம் தீட்டினர். படத்தின் அடியில் கூல்டு பெயர் உண்டு. ஓவியர் ரிக்டர் பெயர் உண்டு. வண்ணம் தீட்டியவர் பெயர் இல்லை.

அந்நூலிலே, முதுகில் வரிகளுடன் ஓநாயை ஒத்த தைலசின் என்னும் விலங்கும் உண்டு. அது அழிந்துபோகக்கூடும் என்று கூல்டு அன்றே எச்சரித்தார். வளர்ப்பிலிருந்த கடைசித் தைலசின் 1936 செப்டம்பர் 7-ல் ஹோபார்ட் விலங்குக் காட்சிச்சாலையில் மாண்டது. இனி உயிருடன் காண இயலாத அதன் நிறத்தை, பெயரறியா ஒருவரின் தூரிகை இன்றும் நம் கண்முன் நிறுத்துகிறது.

சென்னையில் வேறொரு வழக்கத்தைக் காண்கிறோம். மருத்துவர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை தாவர நூல்கள் பலவற்றை வெளியிட்டார். அவற்றின் படங்களில் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவரின் பெயர்கள் அச்சாகியுள்ளன. 1853-ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார் வைட். பிற்கால அறிஞர் அப்பேரினத்தை வேறொன்றோடு சேர்த்துவிட்டனர். ஆயினும் ஏட்டில் ஏறிய பெயர் அழியவில்லை.

பிழைப்பு நாடிக் குர்லா வந்து, புகைவண்டி அலுவலகத்தில் பேரேடு எழுதும் எமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். எழுதும் கை ஒன்று; கையொப்பமிடும் கை வேறொன்று!

ஆகவே, சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறோம். ஆண்டு மலரில் நன்கொடையாளர் பெயர்கள் அச்சாகின்றன, அது முறையே. பந்தலிட்டோர், விரிப்பு விரித்தோர், அடுப்படியில் நின்றோர் பெயர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதற்கு ஆகும் மை சிறிதே.