கோலெடுக்குமுன் கால் நிற்கட்டும்
(சிலம்பம் பயிலும் இளைஞரிடையே ஆற்றிய உரை)



சிலம்பத்தின் சிறப்பைப் பேச இம்மேடையில் பலர் உளர். நான் பேச வந்தது அச்சிறப்புக்கெல்லாம் அடியாய் நிற்கும் கணுக்காலைப் பற்றி. அதிலும், அது சுளுக்கிக்கொண்ட பின் நாம் செய்வனவற்றையும் செய்யாது விடுவனவற்றையும் பற்றி. கோல் கையில் சுழலினும் சிலம்பம் காலில்தான் இருக்கின்றது என்பதை முதலாண்டு மாணவனும் அறிவான். சுவடு மாற்றித் திரும்புகையிலோ தாவி இறங்குகையிலோ அடி உட்புறமாய் மடங்கிவிடுகின்றது. உடனே, வெளிப்புறப் பரட்டெலும்பின் கீழும் முன்னும் எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கும் பிணைநார்கள் அளவு மீறி இழுபட்டு நைகின்றன. சிலவேளை அறுந்தே போகின்றன. நரம்பு பிசகிற்று என்பது நம் பேச்சு வழக்கு. உண்மையில் பிசகியது நரம்பன்று, கிழிந்தது நார். கிழிந்ததை இழுத்து உருவினால் மேலும் கிழியுமேயன்றி ஒட்டாது.

நம்மிடையே நடப்பதென்ன? கால் வீங்கிய அன்று மாலையே எண்ணெயைச் சூடாக்கி அழுத்தி நீவுகின்றோம். கால் முன்னாகப் பிறந்தவரைத் தேடி அழைத்து வந்து மிதிக்கவும் செய்கின்றோம். இதைக் குறை கூறினால் நம் மருத்துவத்தையே பழித்ததாகச் சினப்போர் உண்டு. அவர்க்கு ஒன்று சொல்வேன். அளவாக இறுக்கிக் கட்டுப்போடும் நம் முன்னோர் கைத்திறம் சுளுக்குக்கு இன்றும் நன்று; அதை விடவேண்டா. ஆனால் உள்ளே குருதி கசியும் முதல் இரண்டு மூன்று நாள்களில் சூடும் அழுத்தமான நீவலும் வீக்கத்தைப் பெருக்கவே செய்யும். மேலை மருத்துவத்திலும் பழக்கம் மாறியிருக்கின்றது. 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்துக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என நான்கு வழி வகுத்தார். அது நாடெங்கும் பரவிற்று. 2014-இல் அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாழ்த்தக்கூடும் எனத் தம் கருத்தைத் திருத்தி எழுதினார். அந்நேர்மை நம் ஆசான்மார்க்கும் வேண்டற்பாலது.

அடிபட்டவுடன் முதலில் தெளியவேண்டியது எலும்பு முறிந்ததா என்பதே. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் இதற்கு ஓர் எளிய வழி தந்தனர். கணுக்கால் நோவோடு, இருபுறப் பரட்டெலும்புகளின் பின்விளிம்பையோ நுனியையோ தொட்டால் நோவெடுத்தாலும், அடிபட்டவுடனும் பின்னர் மருத்துவர் முன்னும் நான்கடி நடக்க இயலாது போயினும், ஊடுகதிர்ப் படம் எடுத்தல் வேண்டும். நடு அடியின் வெளிவிளிம்பு எலும்பிலும் உட்புற எலும்பிலும் உண்டாகும் நோவுக்கும் இதுவே முறை. அத்தகைய காலை நீவுவோரிடம் கொண்டுசெல்வது பெருங்கேடு.

முறிவில்லையெனில், ஓரிரு நாள் காலை உயர்த்திக் கட்டுடன் வைத்திருங்கள். நோவு மிகுந்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து மணித்துளி வைக்கலாம். அதன்பின் படுத்தே கிடத்தல் கூடாது. நோவு பொறுக்குமளவு அடியை மேலும் கீழும் அசைத்து, கோலையே ஊன்றுகோலாக்கி மெல்ல நடக்கத் தொடங்குக. சிறு சுளுக்கு ஓரிரு கிழமையில் ஆறும். நார் முற்றும் அறுந்ததெனில் மூன்று திங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

இனித்தான் நம் இளைஞர் இடறும் இடம் வருகின்றது. நோவு நின்றது, ஆகவே கால் நலம்பெற்றது என்று எண்ணிவிடுகின்றனர். பொங்கல் விழாவில் ஆடவேண்டுமென்று கட்டுடன் களமிறங்குகின்றான் ஒருவன், கூட்டம் கைதட்டுகின்றது, நோவு பொறுப்பதே மறமென்று ஆசானும் மகிழ்கின்றார். அடுத்த திங்களே அதே கால் மடங்குகின்றது. மும்முறை மடங்கிய பின் அவன் கோலைப் பரணில் போட்டுவிடுகின்றான். நல்ல கையுடையோர் பலரை நாம் இவ்வாறுதான் இழக்கின்றோம்.

கரணியம் யாதெனில், அடி எப்பக்கம் சாய்கின்றது என்று மூளைக்கு உணர்த்தும் முனைகளும் அந்நார்களில் உள. நார் நைந்தால் அவ்வுணர்வும் மழுங்கும். நோவு தீர்ந்தாலும் பயிற்சியின்றி அது முழுமையாய் மீள்வதரிது. 1965-இல் இங்கிலாந்தில் ஃபிரீமன் என்பாரும் உடனுழைத்தோரும் இதனை எடுத்துக்காட்டி, ஆடும் பலகைமேல் நிற்கும் பயிற்சியை வகுத்தனர். நமக்குப் பலகை வேண்டா, தரை போதும். சுவரைத் தொட்டு ஒற்றைக் காலில் நிற்க. பின்னர்த் தொடாது அரை மணித்துளி நிற்க. பின்னர்க் கண்மூடி நிற்க. இது மிகக் கடினம். அடிபடாத காலிலேயே செய்து பாருங்கள், ஆடிப்போவீர்கள்! குதிகாலை உயர்த்தி இறக்குதலும் உடன் வேண்டும்.

இரு கால்களும் ஒன்றுபோல் நிற்கவும், அடிபட்ட காலில் பத்து முறை நோவின்றித் துள்ளவும் இயன்ற பின்னரே கோலை எடுங்கள். முதற்கிழமை நேர்ச்சுவடு மட்டும், அடுத்து மெல்லத் திருப்பு, தாவல் கடைசியில். சில திங்கள் வரை, ஆடும்போது மட்டுமேனும் கணுக்காலுக்குக் கட்டு இருக்கட்டும்.