செயலியும் சாமாயிகமும்



இல்லறத்தார்க்குரிய சிக்ஷா விரதங்கள் நான்கனுள் ஒன்று சாமாயிகம். அதற்குரிய காலம் ஒரு முகூர்த்தம். அஃதாவது 48 நிமிடம். நம் பாட்டிமார் விடியலில் அமர்ந்து அதனை இயல்பாக நிறைவு செய்தனர். யானோ, பணி ஓய்வுக்குப் பின்னரும், ஐந்தாம் நிமிடத்திலேயே கடிகாரத்தை நோக்கியவன்.

என் பேத்தி கைப்பேசியில் தியானச் செயலி ஒன்றைப் பதிந்து தந்தாள். மூச்சைக் கவனிக்குமாறு ஒரு குரல் பத்து நிமிடம் வழிநடத்தும். அத்துணையால் நாள்தோறும் அதே நேரத்தில், அதே பாயில் அமரும் பழக்கம் வாய்த்தது. இதனை நன்றியுடனேயே கூறுகிறேன்.

ஆயினும், இடைவிடாது அமர்ந்த நாள்களையும் அச்செயலி எண்ணிக் காட்டும். 41ஆம் நாள் உறவினர் ஒருவரின் துக்கத்திற்குச் சென்றமையால் அமர இயலவில்லை. மறுநாள் அந்த எண் மீண்டும் ஒன்றாயிற்று. அன்று முழுதும் அவ்விழப்பே நெஞ்சை அரித்தது. துக்க வீட்டினரை நினைக்கவேயில்லை! விரும்பியது நீங்கியதை எண்ணியெண்ணி வருந்துவதனைத் தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்தத் தியானத்துள் வைக்கிறது. தியானம் பயிலப் புகுந்து, விலக்க வேண்டிய தியானத்தைப் பயின்றிருக்கிறேன்.

அந்த எண்ணிக்கையை அன்றே அணைத்துவிட்டேன். இப்போது முதற்பத்து நிமிடம் மட்டுமே குரல். பின்னர்க் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மணிமாலையைக் கையிலேந்திப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை 108 முறை செபிக்கிறேன். இளையோரும் பத்து நிமிடத்திலேயே தொடங்கலாம். முதல் நாளே 48 நிமிடத்திற்கு முயன்று மறுநாள் கைவிட்டோரை நான் அறிவேன். யானும் இன்னும் அந்த 48ஐ எட்டவில்லை; அரைமணி வரை வந்திருக்கிறேன்.