சிறு டிராக்டருக்கு ஏற்ற சங்கிலியும் கருவிகளும்

(கொல்லிமலை உழவர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவியல் துறையைச் சேர்ந்தவன் பயிரைப் பற்றிப் பேசாமல் சங்கிலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சாமையும் கேழ்வரகும் விதைக்க மண்ணில் இருக்கும் ஈரம் நமக்காகக் காத்திருப்பதில்லை. உழவு நடக்கும் நேரத்தில் சங்கிலி அறுந்தால், மாற்றுச் சங்கிலிக்குச் சேந்தமங்கலமோ நாமக்கல்லோ செல்ல வேண்டும். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது மறுபடியும் 70. கொண்டு வந்த சங்கிலி அளவு மாறிப்போனால் இன்னொரு நாளும் போயிற்று. அதற்குள் ஈரம் காய்ந்துவிடும். ஆகவே இதுவும் உழவியலைச் சேர்ந்த பொருளே.

இம்மலையில் அகலமான நிலங்கள் குறைவு. பள்ளத்தாக்கில் நெல் வயல்கள், அவற்றுக்கு மேலே படிக்கட்டு நிலங்கள், அதற்கும் மேலே சரிவுகள். இங்குப் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை. 12, 13 குதிரைத்திறன் கொண்ட பவர் டில்லரும், 15 முதல் 20 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டருமே பொருத்தமானவை. செங்குத்தான சரிவை மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அங்கு இயந்திரத்தை ஏற்றி மிச்சப்படுத்தும் கூலி, அது ஒருமுறை கவிழ்ந்தால் ஆகும் இழப்புக்கு ஈடாகாது.

முதலில் விசையைக் கடத்தும் சங்கிலியைப் பார்ப்போம். பவர் டில்லர்கள் பலவற்றிலும், சிறு டிராக்டரில் மாட்டும் ரோட்டவேட்டர்கள் சிலவற்றிலும், கத்திகள் சுழலுவதற்கான விசை ரோலர் சங்கிலி வழியாகவே செல்கிறது. சங்கிலிக்குப் பதில் பற்சக்கரங்களைக் கொண்ட ரோட்டவேட்டர்களும் கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடுதல். கல் நிறைந்த நிலத்துக்கு அவை உகந்தவை. ஆனால் பல் உடைந்தால் செலவு பெரிது. சங்கிலியானால் கருவி கையில் இருக்கும் உழவர் வயலோரத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். பட்டறை தொலைவில் உள்ள நமக்கு இதுவும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

சங்கிலி "நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் அதன் இரும்புத் தகடு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்வு மயிரிழையளவுதான். நாற்பது ஐம்பது கண்ணிகளில் சேரும்போது சங்கிலி தொளதொளத்து, பல்லின் மேல் ஏறித் தாவுகிறது. இந்தத் தேய்வைக் கண்ணால் மதிப்பிட முடியாது, அளக்க வேண்டும். சங்கிலியைக் கழற்றி, டீசலில் கழுவி, பலகைமேல் இழுத்து வைத்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இருபது கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளவு நாடாவால் அளக்கவும். முக்கால் அங்குலச் சங்கிலியில் ஒரு கண்ணி 19.05 மில்லிமீட்டர். எனவே புதிதாக இருக்கும்போது இருபது கண்ணி 381 மில்லிமீட்டர் இருக்கும். நூற்றுக்கு மூன்று பங்கு கூடினால், அதாவது 392 மில்லிமீட்டரைத் தொட்டால், அச்சங்கிலியை மாற்றிவிட வேண்டும். ஓர் அங்குலச் சங்கிலியானால் 508 இருக்க வேண்டியது 523 ஆனால் மாற்ற வேண்டும். இந்த எண்களைக் கொட்டகைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வையுங்கள்.

தேய்ந்த சங்கிலியில் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு இறுக்கிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இது தற்காலிகச் சமாதானமே. எஞ்சிய கண்ணிகள் பல்லின் அளவுக்குப் பொருந்தாமல் பல்லைக் கொக்கிபோல் வளைத்துத் தின்றுவிடும். பல் அவ்வாறு வளைந்திருந்தால், புதுச் சங்கிலியோடு பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லையேல் புதுச் சங்கிலியும் விரைவில் பழையதாகும்.

கடையில் வாங்கும்போது முக்கால் அங்குலம் என்று சொன்னால் மட்டும் போதாது. 12ஏ, 12பி என இரு வகைகள் உண்டு. இரண்டிலும் கண்ணி நீளம் ஒன்றே; உள் அகலம் வேறு, ரோலரின் பருமனும் சிறிது வேறு. ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டினால் சரியாக உட்காராது. ஆகவே பழைய சங்கிலித் துண்டை எடுத்துச் செல்லுங்கள். தகட்டில் பொறித்த எண்ணைப் படித்துப் பார்த்து, கண்ணிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணும் தயாரிப்பாளர் பெயரும் பொறிக்கப்படாத சங்கிலி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். கையில் பிடித்து ஒவ்வொரு ரோலராகச் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். கூடவே இரண்டு இணைப்புக் கண்ணிகளையும் கிளிப்புகளையும் வாங்கி டப்பாவில் போட்டு வைக்கவும். கிளிப்பை மாட்டுகையில் அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் அது கழன்று விழ வாய்ப்புண்டு.

சங்கிலிப் பெட்டியில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெல் வயலில் சேற்றுழவு முடிந்ததும் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். மோர்போல் வெளுத்திருந்தால் எண்ணெய் சீல் வழியே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். சீலை மாற்றி, கையேட்டில் கூறிய எண்ணெயைப் புதிதாக ஊற்ற வேண்டும். சீலின் விலை சொற்பம். அதை அலட்சியம் செய்தால் சங்கிலி, பேரிங் இரண்டும் போகும்.

அடுத்தது இழுப்பதற்கான சங்கிலி. சேற்றில் புதைந்த வண்டியை மாடு கட்டும் சங்கிலியாலும் கிணற்றுச் சங்கிலியாலும் இழுப்பதைக் காண்கிறோம். அவை அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. 80ஆம் தர உலோகக் கலவைச் சங்கிலியில் 8 அல்லது 80 என்ற எண் பொறித்திருக்கும். 10 மில்லிமீட்டர் பருமனுள்ள அத்தகைய சங்கிலி 3.15 டன் வரை பாதுகாப்பாகத் தாங்கும். 8 மில்லிமீட்டரானால் 2 டன். கண்ணியின் பருமன் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலோ, கண்ணி வளைந்தாலோ அதை ஒதுக்கிவிடவும். சங்கிலியில் முடிச்சுப் போடக்கூடாது. வெட்டென்று இழுக்கக்கூடாது, தொய்வு நீங்கிய பின் மெல்ல விசை கூட்ட வேண்டும். இழுக்கும்போது சங்கிலியின் நீளத்துக்கும் அப்பால் எல்லோரும் விலகி நிற்க வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்றுண்டு. சங்கிலியைப் பின்னால் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். மேல் இணைப்பிலோ அச்சிலோ மாட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு டிராக்டர் பின்புறமாகக் கவிழும். இது ஒரு விநாடியளவில் நடந்து முடிந்துவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இராது.

மரவள்ளி மூட்டை ஏற்றிய டிரெய்லருக்குக் கொக்கியும் பின்னும் மட்டும் போதா. அவற்றோடு இரு பாதுகாப்புச் சங்கிலிகளையும் ஏர்க்காலின் அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். பின் கழன்றால் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலிமேல் தங்கும். வளைவில் திரும்ப வேண்டிய அளவு மட்டும் தொய்வு விடவும். இறக்கத்தில் சிறு கியரிலேயே இறங்க வேண்டும், நியூட்ரலில் விடலாகாது. இரு பிரேக் மிதிகளையும் பூட்டிக்கொள்ளவும். கலப்பையின் பக்க ஆட்டத்தைத் தடுக்கும் செக் சங்கிலிகள் இரண்டையும் சாலையில் போகும்போது இறுக்கிவிட வேண்டும். தளர்ந்திருந்தால் சரிவில் கீழ்ப்புறமாகக் கலப்பை சாய்ந்து டயரில் உரசும்.

கருவிகளுக்கு வருவோம். கடைகளில் நூறு உருப்படிகள் அடங்கிய பெட்டி பளபளப்பாகத் தெரியும். அதில் பாதி உங்களுக்குப் பயன்படாது. 10, 12, 13, 14, 17, 19, 22, 24 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர்களும் ஓப்பன் ஸ்பேனர்களும் தரமானவையாக வாங்குங்கள். மட்டமான ஸ்பேனர் போல்ட்டின் தலையை உருட்டிவிடும். அதன்பின் சங்கிலி வெட்டும் கருவி, கட்டிங் பிளேயர், சுத்தியல், கிரீஸ் கன், டயர் காற்றழுத்த மானி, ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரு மரக்கட்டைகள், புனல், அளவு நாடா. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைய வேண்டாம். ரோட்டவேட்டர் கத்திகளைத் தொடுமுன் இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடவும். கத்தி போல்ட்டுகளைப் புதிதாக மாட்டிய முதல் சில மணி நேரத்துக்குப் பின் ஒருமுறை இறுக்க வேண்டும்.

இக்கருவிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஸ்பேனரும் கிரீஸ் கன்னும் வீட்டுக்கு வீடு இருக்கட்டும். சங்கிலி வெட்டும் கருவியையும் 80ஆம் தர இழுவைச் சங்கிலியையும் ஊருக்கு ஒன்றாக நான்கைந்து பேர் சேர்ந்து வாங்கி, சாலையோரம் இருப்பவர் ஒருவர் வீட்டில் வைக்கலாம். எடுத்துச் செல்பவர் பெயரையும் திருப்பிக் கொடுத்த நாளையும் எழுத ஒரு நோட்டு, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் பூச ஒரு பழந்துணி, இவ்விரண்டும் அதே பெட்டியில் இருக்க வேண்டும்.